கட்டை மாற்றும் நேரம்

மூன்றாவது முறையாகப் பாட்டை நிறுத்தச் சொல்லி யோகராஜ் கையை உயர்த்தினார். அதே இடத்தில்தான். நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். அக்கார்டியனின் துருத்தியை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. வரி முடியிற இடத்துல ஒரு அடி விடுது. ஒவ்வொரு வரியிலயும் விடுது. மூணு பேரும் சேர்ந்தே விடுறதால உங்களுக்குத் தெரியல."

"தெரியும் தம்பி" என்றார் மாரித்தாய்.

"தெரியுமா?"

"தெரியாம எப்படி மூணு பேரும் சேர்ந்து விடுவோம்?"

கிட்டு அண்ணாச்சி தவிலின் மேல் கவிழ்ந்து சிரித்தார். யோகராஜும் சிரித்தார். நல்ல மனிதர்தான். எட்டயபுரத்தில் பிறந்து சென்னையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவர். சொந்த ஊர்ப் பக்கத்து இசையை உலகம் கேட்க வேண்டும் என்று வருடத்துக்கு ஒரு விழா நடத்துகிறார். இந்த வருடம் கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், அன்று மாலை ஐந்து மணிக்கு. ஒத்திகை காலையில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில்.

மாரித்தாயின் நெஞ்சில் தகரம் தொங்கியது. வரிவரியாக மடிப்பு விழுந்த தகரம், தோளில் மாட்டிக்கொள்ள இரண்டு வளைவுகள். இரண்டு கையிலும் இரும்புக் கரண்டியால் அதை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே பாடுவார். கிட்டு அண்ணாச்சி நையாண்டி மேளத்தில் இருபது வருடம் தவில் அடித்தவர். நான் அக்கார்டியன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஆராதனைக்கு வாசிப்பேன், மற்ற நாட்களில் தையல் கடை. ஊரில் எங்களைத் தகர செட்டு என்பார்கள். சடங்கு வீடு, காதுகுத்து, அம்மன் கொடை, எங்கள் சபையின் அசன விருந்து, எங்கே கூப்பிட்டாலும் போவோம்.

யோகராஜ் அச்சடித்த சுவரொட்டியில் வேறு பெயர் இருந்தது. 'கரிசல் ஜைடெகோ: தென்னாட்டின் முதல் பாரம்பரிய ஜைடெகோ குழு'. மண்டபத்து வாசலில் ஒட்டியிருந்ததைக் கிட்டு அண்ணாச்சி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சைதக்கோன்னா என்ன மதினி? திங்குற சாமானா?"

"ஒங்க வீட்டுத் தெலுங்குன்னுல்லா நெனச்சேன்" என்றார் மாரித்தாய்.

அந்த இசையை எங்களிடம் கொண்டுவந்தவன் என் தம்பி சாம்ராஜ். சரக்குக் கப்பலில் வேலை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் தெற்கே லூசியானாவில் கப்பல் நின்றபோது, மாலுமிகளை ஒரு நடனக் கூடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஜைடெகோ என்று அவர்கள் சொல்லும் அந்த இசையை அங்கிருந்து ஒரு வீடியோவாக அனுப்பினான். கறுப்பின மனிதர் ஒருவர் அக்கார்டியன் வாசிக்கிறார். பக்கத்தில் இன்னொருவர் நெஞ்சில் தகரத்தை மாட்டிக்கொண்டு கரண்டியால் இழுக்கிறார். கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் ஆடுகிறார்கள். சாம்ராஜின் குரல் கேட்கிறது: "ஏ அக்கா, இங்கன ஒருத்தர் தீப்பெட்டிக் கட்டையை நெஞ்சுல மாட்டியிருக்காரு பாரு."

பிறகு நானாகத் தேடிப் படித்தேன். அவர்களுடைய முன்னோர் வயல்களில் அடிமைகளாக இருந்தவர்கள். வாத்தியம் எதுவும் கையில் இல்லாதபோது கையைத் தட்டி, காலால் தரையை மிதித்துப் பாடியிருக்கிறார்கள். துணி துவைக்கும் தகரப் பலகைதான் பிறகு வாத்தியமானது. வீட்டில் இருந்த வேலைச் சாமானை எடுத்து நெஞ்சில் மாட்டிக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கேயோ என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது போல இருந்தது.

ஏனென்றால் நானும் அப்படித்தான் வாசிக்கத் தொடங்கினேன்.

புதூர் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்போது வீட்டுக்கு வீடு கட்டை அடுக்குவார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வண்டியில் மரச் சட்டங்களும் குச்சி மூட்டைகளும் வரும். சட்டத்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் சீப்புப் பல் போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஐம்பதுக்கும் மேல் இருக்கும். பள்ளத்துக்கு ஒரு குச்சி வைக்க வேண்டும். ஒரு கட்டை நிறைந்ததும் அதன் மேல் அடுத்த கட்டையை எடுத்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் மூச்சு விட மாட்டார்கள். கை சற்று ஆடினால் அடுக்கிய குச்சிகள் சாய்ந்துவிடும். பிறகு முதலிலிருந்து. நிறைந்த சட்டம் ஆபீஸுக்குத் திரும்பிப் போன பிறகுதான் குச்சிகளை மருந்தில் முக்கித் தலை வைப்பார்கள்.

என் அம்மாவும் மாரித்தாயும் இன்னும் நான்கைந்து பேரும் எங்கள் வீட்டு முற்றத்தில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து அடுக்குவார்கள். பாடிக்கொண்டேதான் அடுக்குவார்கள். ஒரு வரிக்கு ஒரு கட்டை. வரி முடியும், எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள், எல்லா வலது கைகளும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் போய் அடுத்த கட்டையை எடுத்து வைக்கும், அதன் பிறகுதான் அடுத்த வரி. அந்த ஒரு அடி முழுக்க மௌனம். கோழி கொத்துவது கூடக் கேட்கும்.

ஏழு வயதில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். உடைந்த கட்டை ஒன்றின் பள்ளங்களில் ஆணியை வைத்துக் கர்ர் கர்ர் என்று இழுக்க வேண்டும். எல்லோரும் ஒரே வேகத்தில் போவதற்காக. கட்டை மாற்றும் நேரத்தில் நானும் ஆணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவேன். ஒருமுறை மறந்துபோய் இழுத்துவிட்டேன். அம்மாவின் கை திடுக்கிட்டு இரண்டு கட்டைக் குச்சிகள் சாய்ந்தன. அவள் அடிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். கட்டை கொடுக்கும் ஏஜெண்ட் ஒருநாள் வந்து, கட்டையைச் சுரண்டக்கூடாது, பள்ளம் தேய்ந்துவிடும் என்று சத்தம் போட்டார். அவர் போனதும் மாரித்தாய் சொன்னார்: "நீ இழு புள்ள. தேஞ்சா அவன் வீட்டுக் கட்டைதான தேயுது."

சாம்ராஜின் வீடியோவை எடுத்துக்கொண்டு நான் நேராகப் போனது மாரித்தாயிடம்தான். அவர் இரண்டு முறை பார்த்தார். மறுவாரமே பட்டறைக்காரரிடம் சொல்லித் தகரத்தை மடித்து வாங்கிவிட்டார்.

யோகராஜ் சொல்லும் அந்தத் தவறைப் பத்து வருடங்களுக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன். செட்டு தொடங்கிய புதிதில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கூசும். சபையில் இசை சொல்லிக்கொடுத்தவர் என் தோளில் பென்சிலால் தட்டித் தட்டித் தாளத்தைத் திருத்தியிருந்தார். அதனால் அந்த ஓட்டையில் துருத்தியை இழுத்து ஒரு சுரத்தை நிரப்பினேன். மாரித்தாய் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏட்டி சபிதா, அங்கன கைக்கு வேலை இருக்கு. நீ எதுக்குப் பேசுத?" அதற்கப்புறம் நிரப்பவில்லை. ஆனால் கூச்சம் முழுவதும் போனதா என்றால், இல்லை.

இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். திருத்தப்படுவதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. மேலே இருக்கும் ஒருவர் என்னைக் கவனிக்கிறார் என்ற சுகம். பென்சில் தோளில் படும்போது வலித்தது; படாத நாட்களில் வெறுமையாக இருந்தது. நாற்பத்து நான்கு வயதிலும் அது என்னை விட்டுப் போகவில்லை.

யோகராஜ் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், நீங்க இசை படிச்சவங்க. உங்களுக்குப் புரியும். சென்னையிலிருந்து டிரம்ஸ் வாசிக்க ஒரு பையன் வந்திருக்கான். அவன் காதுலயும் உங்க காதுலயும் ஒரு டிக் டிக் சத்தம் ஓடும். அதுக்குத்தான் கேமரா, லைட்டு எல்லாம் ஓடும். இடையில ஒரு அடி விட்டா எல்லாம் கவிழ்ந்திரும். அந்த இடத்தை மட்டும் நிரப்பிட்டா போதும். இந்த வீடியோ நல்லா வந்தா அடுத்து சென்னை, பெங்களூரு, யாரு கண்டா, லூசியானாவே போகலாம். அசல் ஜைடெகோ கேட்டிருக்கீங்கள்ல? அதுல இப்படி ஓட்டை இருக்கா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப சரி பண்ணிரலாம்ல?"

"பண்ணிரலாம்."

மாரித்தாய் அங்கேதான் நின்றார், மூன்றடி தூரத்தில். அவரைக் கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டேன் என்று இப்போது எழுதலாம். மறக்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

யோகராஜ் போன பிறகு மண்டபத்துப் படியில் உட்கார்ந்து டீ குடித்தோம். மாரித்தாய் தகரத்தைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். வெயிலில் அது கண்ணைப் பறித்தது.

"லூசியானா பஸ்ஸு எத்தன மணிக்குக் கிட்டு?" என்றார்.

"அது கெடக்கட்டும் மதினி. ஒரு நா பொழுதுதான. அவிய சொல்லுத மாதிரி வாசிச்சிட்டுப் போவோம். எனக்கும் பிளேன்ல ஏறணும்னு ஆசை இருக்காதா?"

"ஏறும் ஓய். யாரு வேண்டாங்குதா. நான் பாடுத பாட்ட விட்டுட்டு வேற பாட்டுல ஏறும்."

"அக்கா" என்றேன், "ஒரே ஒரு அடிதான்."

"ஒரு அடிதான். நான் பதினோரு வயசுல அடுக்க ஒக்காந்தேன். அம்பது வரைக்கும் அடுக்குனேன். காலையில இருந்து பொழுது சாயுத வரைக்கும் யாராவது ஒருத்தன் வெரட்டிக்கிட்டேதான் இருப்பான். அந்த ஒரு அடிதான் எங்கைல இருந்தது. அதுக்குள்ள எவனும் வர முடியாது. வந்தா குச்சி சாயும், அவனுக்குத்தான நட்டம்." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "அத நீ தூக்கிக் குடுத்திட்ட. எம்பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் யோகராஜின் வாக்கியங்களாக இருந்தன.

"பாடுவீங்கள்ல அக்கா?"

"பாடுவேன். சுவரொட்டியில எம்மூஞ்சி இருக்குல்லா."

ஐந்து மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்களும் சென்னை விருந்தாளிகளும். அவர்களுக்குப் பின்னால் தரையில் பெண்கள். முக்கால்வாசிப் பேர் தீப்பெட்டி ஆபீஸிலிருந்தும் நூல் மில்லிலிருந்தும் நேராக வந்தவர்கள், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. புதூர் பக்கத்து முகங்கள் சிலவற்றை அடையாளம் தெரிந்தது. மேற்கே இன்னும் வெயில் இருந்தது. புழுதி பொன்னாக மிதந்தது.

அறிவிப்பாளர் எங்களைப் பற்றிப் பேசினார். மண்ணின் வேர், கடல் தாண்டிய வேர், வேர்களின் சங்கமம் என்றெல்லாம். காதில் சொருகிய சின்னக் கருவியில் டிக் டிக் ஓடத் தொடங்கியது. பின்னால் டிரம்ஸ் பையன் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினான்.

மாரித்தாய் பாடினார். அவருடைய அம்மா கட்டிய பாட்டு அது.

*நாளைக்கு இது தலை முளைக்கும், நாடு பூரா எரியுமடி*

வரி முடிந்தது. டிக் டிக் ஓடியது. நான் துருத்தியை இழுத்து அந்த இடத்தை நிரப்பினேன். சுத்தமாக விழுந்தது. டிரம்ஸும் விழுந்தது. ஓரத்தில் நின்ற யோகராஜ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அப்போது மாரித்தாயின் வலது கையைப் பார்த்தேன். கரண்டியைப் பிடித்தபடியே அது பக்கவாட்டில் போனது, இல்லாத கட்டையை எடுக்க. எங்கள் சத்தம் அதன் மேல் ஏறி ஓடியது. கை பாதி வழியில் நின்று, வெறுமனே திரும்பி வந்தது. அடுத்த வரியை அரை அடி பிந்தித் தொடங்கினார்.

*இன்னைக்கு இது வெறுங்குச்சி, என்னைப்போல இருக்குதடி*

மறுபடி நிரப்பினேன். இந்த முறை கீழே பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியின் கையும் மடியிலிருந்து பக்கவாட்டில் போய் நின்றது. அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு நிறையப் பேர். அவர்களுக்கே தெரியாமல் போன கைகள். எல்லாம் நடுவழியில் தடுக்கி நின்றன. பிறகு தலைகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தன. கோபம் இல்லை. குச்சி சாய்ந்த அன்று அம்மா பார்த்தாளே, அந்தப் பார்வை.

நிரப்பியது நான்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்திருந்தது.

மூன்றாவது வரி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வரியின் நீளத்தில் நான் நினைத்தது வீரமான எதுவும் அல்ல. பென்சிலை நினைத்தேன். இந்த டிக் டிக்கும் அந்தப் பென்சில்தான், தோளிலிருந்து காதுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். லூசியானாவில் அந்த மனிதர் நெஞ்சில் தகரத்தை மாட்டிய முதல் நாளில் அவரிடமும் யாராவது வந்து, இது வாத்தியமா என்று கேட்டிருப்பார்கள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கழற்றவில்லை.

வரி முடிவதற்கு முன் இடது கையைத் துருத்தியின் வாரிலிருந்து உருவி, காதிலிருந்ததைப் பிடுங்கிக் கீழே போட்டேன். கையைத் திரும்ப வாருக்குள் நுழைத்தேன். வரி முடிந்தது. நிறுத்தினேன்.

கிட்டு அண்ணாச்சியின் கையும் தவிலுக்கு மேலே நின்றது. பிளேன் ஆசைக்காரர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. டிரம்ஸ் மட்டும் தனியாக ஒரு அடி அடித்துவிட்டு, தடுமாறி, நின்றது. மைதானத்தில் சத்தமே இல்லை. மாரித்தாயின் கை பக்கவாட்டில் போய், எடுத்து, வைத்தது. கீழே நூறு கைகள் எடுத்து வைத்தன.

பிறகு நான்காவது வரி வந்தது. வந்தது என்று எழுதுவதா, இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது என்று எழுதுவதா தெரியவில்லை. இருபத்தாறு வரிகள் அந்தப் பாட்டுக்கு. ஒவ்வொன்றின் முடிவிலும் நிறுத்தினோம். யோகராஜ் ஓரத்தில் நின்று கையை அசைத்தார், பிறகு இரண்டு கைகளையும் அசைத்தார், பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டார். பதினைந்தாவது வரியில் கீழே இருந்த பெண்களும் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

நாங்கள் இறங்கியதும் அவர் மேடைக்குப் பின்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"மேடம், காலையில சரின்னு சொன்னீங்க."

"சொன்னேன் தம்பி. அக்காவைக் கேக்காம சொன்னேன். அது என்னோட தப்பு."

"இதை வீடியோவுல சேர்க்க முடியாது. ஒரு கேமராவுலயும் சரியா வரல." மேற்கே திரும்பி வெயிலைப் பார்த்தார். "வெளிச்சம் இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. கூட்டம் கலையட்டும். இன்னொரு தடவை வாசிச்சிருங்க, காலையில பேசின மாதிரி. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

மாரித்தாய் என்னைப் பார்த்தார். காலையில் போலவே மூன்றடி தூரத்தில் நின்றார். இந்த முறை நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"என்னக்கா சொல்லுதீங்க?"

"நீதான இசை படிச்சவ. நீயே சொல்லு."

யோகராஜிடம் சொன்னேன்: "இன்னொரு தடவை இல்ல, பத்துத் தடவை வாசிக்கிறோம். எல்லாத் தடவையும் அங்கன நிப்பாட்டுவோம்."

"அசல் ஜைடெகோவுல..."

"அவங்க வேர் அவங்க வேலையில இருந்து வந்தது தம்பி. எங்களது எங்க வேலையில இருந்து வந்தது. நாங்க அவங்களை மாதிரி இருக்கோம்னா அதனாலதான். அவங்க சத்தத்தை அப்படியே எடுத்ததால இல்ல."

அவர் கேமராக்காரர்கள் பக்கம் போய், மடக்கிவிடச் சொன்னார். கேமராத் தாங்கிகளின் கால்களை மடக்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கிட்டு அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்.

"போச்சு பிளேனு" என்றார்.

"நீரு மொதல்ல நின்னீரு ஓய்" என்றார் மாரித்தாய்.

"கை நின்னுட்டு மதினி. நான் என்ன செய்ய."

மைதானத்து ஓரத்தில் புதூர் பஸ்ஸுக்காகப் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குரல் கொடுத்தாள்: "ஏ மாரியக்கா, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. அதையே இன்னொருக்கா பாடேன்."

மைக் இல்லை, விளக்கு இல்லை. நாங்கள் அங்கே போய் நின்றோம். டிரம்ஸ் பையன் எங்கள் பின்னாலேயே வந்திருந்தான், கையில் இரண்டு குச்சிகள் மட்டும். மாரித்தாயின் பக்கத்தில் வந்து தயங்கியபடி கேட்டான்.

"பாட்டிம்மா, அந்த இடத்துல எத்தனை எண்ணணும்?"

"பாட்டியா? ஒனக்கு நான் அக்கா. எண்ணப்பிடாது. மூச்சைப் பிடி, போதும்."

அவன் தலையாட்டினான். மாரித்தாய் கரண்டியைத் தகரத்தில் வைத்து இழுத்தார், கர்ர் என்று. முதல் வரியைப் பாடினார். வரி முடிந்தது. நான் மூச்சைப் பிடித்தேன். முப்பத்தேழு வருடங்களில் முதல் முறையாக, என் வலது கையும் அக்கார்டியனின் கட்டைகளை விட்டுப் பக்கவாட்டில் போனது. எடுத்தது. வைத்தது. ஒரு குச்சி கூடச் சாயவில்லை.